ஒற்றைப் புள்ளி

காரைக்குடி, கல்லூரிச் சாலை, இரவு ஒன்பதே கால்.
சிமெண்டுத் தரை இன்னும் சுடுகிறது.
மூன்றாவது கால்பகுதி என்பதால்
என் கையில் சிவப்புப் பேனா.

ரெண்டு பாயிண்டுக்குச் சாய்கோடு.
மூன்றுக்கு எண்ணைச் சுற்றி வட்டம்.
ஃப்ரீ த்ரோவுக்கு மட்டும் ஒரு புள்ளி,
அடைத்து, அழுத்தி.

ரயில்வேப் பெண்கள் சாய்கோட்டு மழையாய்ப் பெய்கிறார்கள்.
தேவகோட்டைப் பக்கம் கட்டங்கள் வெள்ளை.
இடைவேளை கழிந்ததும்
இருபத்தேழுக்குச் சுழி.

கடிகாரம் பிடிக்கும் ஆரோக்கியசாமி
கொட்டாவியை விழுங்கிவிட்டு,
"நடுவர்ட்ட சொல்லி முடிச்சு விட்ரலாமே டீச்சர்" என்றார்.
"அங்கோலா" என்றேன்.
"கோலா உருண்டையா, இந்நேரத்துக்கா?"

தொண்ணூற்றிரண்டு, பார்சிலோனா ஒலிம்பிக்.
எதிரே அமெரிக்கா.
ஆட்டத்தில் ஒரு பொழுது
நாற்பத்தாறுக்கு ஒன்று.
அச்சுப்பிழை இல்லை, ஆரோக்கியம்.
ஒன்றேதான்.
அந்த ஒன்றும் எப்படி வந்தது?
மெலிந்த ஒருவன் நெஞ்சில்
அமெரிக்க முழங்கை இறங்கி,
அதற்குக் கிடைத்த ஃப்ரீ த்ரோவில் வந்தது.
நூற்றுப் பதினாறு, நாற்பத்தெட்டு என்று முடிந்தது.
முழங்கையை உலகம் இன்றும் காட்டுகிறது.
அதே ஒலிம்பிக்கில்
ஸ்பெயினை அவர்கள் ஊரிலேயே
எண்பத்துமூன்று, அறுபத்துமூன்று என்று
அடித்ததை யார் காட்டுகிறார்கள்?

"இருபது பாயிண்டா?"
"இருபது."

வீட்டில் போர்.
போருக்கு நடுவே ஆப்பிரிக்கக் கோப்பையை
எண்பத்தொன்பதில் எடுத்தார்கள்,
தொண்ணூற்றொன்றில், மூன்றில், ஐந்தில்.
ஏழில் செனகல் வாங்கிப் போனது.
ஒன்பதில் திரும்பப் பிடுங்கி வந்தார்கள்.
இரண்டாயிரத்து ஆறில், ஜப்பானில்,
ஜெர்மனிக்காரர்களை மூன்று முறை நேரம் நீட்டவைத்து
ஐந்து பாயிண்டில் தோற்றார்கள்.
அந்தத் தாள் எனக்குக் கிடைத்தால்
சட்டம் போட்டு மாட்டுவேன்.

எங்கள் கோயில் ஏட்டில்
கணவன் மனைவி சேர்ந்தால் ஒரு புள்ளி.
துணை போனால் அரைப்புள்ளி.
வரி அந்தக் கணக்கில்.
என் தம்பி ஒரு புள்ளி.
அவன் மகன் போன தையில் புள்ளியானான்,
பந்தலில் மைக் வைத்துச் சொன்னார்கள்.
ஐம்பது வயது, கல்யாணமில்லாத நான்
அரையும் இல்லை.
வருத்தமா என்று கேட்காதீர்கள்.
வரி மிச்சம்.

விசில்.
தேவகோட்டை ஒன்பதாம் நம்பர்,
உமையாள் என்ற ஒல்லிப் பெண்,
உதட்டைத் துடைத்துக்கொண்டு எழுகிறாள்.
தாளில் எதிராளிக்கு ஒரு ஃபவுல் எழுதினேன்.
உதட்டுக்கு அதில் கட்டமில்லை.

இரண்டு ஃப்ரீ த்ரோ.
முதல் பந்து வளையத்தின் விளிம்பில் யோசித்து
வெளியே போனது.
யாரோ சிரித்தார்கள்.
அவள் பந்தை மூன்று தரம் தட்டினாள்,
பாவாடையே இல்லாத இடுப்பில்
பாவாடையைச் சரிசெய்வதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்,
எறிந்தாள்.

வலை அசைந்ததை
நான் பார்க்கவில்லை; சத்தம் கேட்டது.
பேனாவை நட்டேன்.
மை தீரப் போகிற பேனா, கொஞ்சம் கிறுக்கி,
திரும்பவும் அழுத்தி,
அடுத்த தாளிலும் பதியும்வரை.

"இருபத்தேழுக்கு ஒன்று" என்றார் ஆரோக்கியசாமி,
கடிகாரத்தை ஓடவிட மறந்து.

நாளை காலை ஆறரைக்கு மூன்றாமிடப் போட்டி.
இவர்களுக்கும் திருச்சிக்கும்.
வேறு பேனா எடுத்து வர வேண்டும்.