பேக்கப்

பதினோரு வருஷத்தில் நான் அதிகம் சொன்ன இங்கிலீஷ்
பேக்கப்.
சொஹார் துறைமுகத்தின் குழாய் யார்டில்
டிரெய்லருக்குப் பின்னால் நின்று
இரண்டு கையாலும் காற்றை என் பக்கம் இழுத்து
பேக்கப், பேக்கப், கொஞ்சம் லெஃப்ட்,
ஸ்டாப்.

டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிய வேண்டியது நான் மட்டும்.
ஒரு வெள்ளிக்கிழமை தெரியவில்லை.

அதனால்தான் எச்.ஆர். அறையில்
அந்த மேடம் என் மனுவைப் படித்து நிமிர்ந்து
"கேன் யூ பேக் இட் அப்?" என்றதும்
என் இடது கை தானாக எழுந்தது.
நாற்காலியோடு ஓரடி பின்னால் போனேன்.
மேடம் சிரிக்கவில்லை. நல்ல மனுஷி.
டைம்கீப்பர் ஷைஜுதான் காதோரம் சொன்னான்:
"தெளிவு உண்டோன்னு கேக்குது சேட்டா. ப்ரூஃப்."

வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தேன்.
நடுவிரலும் மோதிரவிரலும் பாதியில் நின்றுபோன கை.
கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்குன்னு
எங்க பக்கம் சொல்லுவாங்க மேடம்.
ஷைஜு மொழிபெயர்த்தான்.
"மிரர்?" என்றாள்.
கொஞ்ச நேரம் கையையே பார்த்தாள். பிறகு,
புண் இருக்கிறது, யாரும் மறுக்கவில்லை,
அது எங்கள் யார்டில் வந்த புண் என்பதற்கு?

ஆஸ் பர் ரெக்கார்ட் அன்றைக்கு எனக்கு லீவு.
ஆஸ் பர் ரெக்கார்ட் கேம்ப் கதவில் விரல் நசுங்கியது.
கிளினிக்கில் நான் மயங்கிக் கிடக்க
ஃபோர்மேன் சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறார்கள்.
அந்தக் கதவு எங்கள் அறையில்தான் இருக்கிறது.
காலையில் ஆறு பேர் அதைத் திறந்து வேலைக்குப் போகிறோம்.
அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

"டேக் மை வேர்ட், மேடம்."
டிவியில் பொறுக்கியது, சரியாகத்தான் சொன்னேன்.
வார்த்தைக்குப் பஞ்ச் போட்டு
ஃபைலில் கோக்க முடியாதாம்.
இன் ப்ளாக் அண்ட் வைட் வேண்டுமாம்.
இப்போதைக்கு என் கதை
டஸின்ட் ஹோல்ட் வாட்டர்.
தண்ணீர் நிற்காத கதை.
நாற்பத்தெட்டு டிகிரியில் குழாய் அடுக்கியவனிடம்
தண்ணீரைப் பற்றி.

இரவு கேம்ப்பில் ஷைஜு சொன்னான்,
பேப்பர் டிரெயில் வேணும்.
டிரெய்லரா?
டிரெயில். காகிதம் நடந்து போன தடம்.
கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டியைக் கவிழ்த்தேன்.
கேன்டீன் கூப்பன், கிழிந்த பாதி, தேதி கிழியாத பாதியில் இல்லை.
ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள், கட்டுக்கட்டாய்.
அமலோற்பவத்துக்கு நான் உழைத்ததற்கு ஆதாரம் உண்டு.
எங்கே உழைத்தேன் என்பதற்கு இல்லை.

ஒன்று இருக்கிறது. ஷைஜுவிடமும் சொல்லவில்லை.
போனில், அந்த வெள்ளி இரவு 11.42க்கு,
நியாமத் குல் அனுப்பிய குரல்.
நாற்பத்தேழு விநாடி.
சூசை பாய், மாஃப் கரோ, கண்ணாடியில நீ தெரியல,
ஃபோர்மேன் வாயத் தொறக்காதன்னுட்டான்.
மீதி இருபது விநாடி அழுகை.
அழுகையை மொழிபெயர்க்க ஷைஜு தேவையில்லை.
அதைக் கொடுத்தால் தண்ணீர் நிற்கும்.
கொடுத்தால் அவன் வேலை, விசா,
ஒருவேளை ஜெயிலும்.
பெஷாவர் பக்கம் மூன்று பெண் பிள்ளைகள்.
படம் காட்டியிருக்கிறான், ஒன்றுக்கு முன்பல் இல்லை.

பத்து மணிக்குக் கதவைத் தட்டினான்.
அதே கதவு.
கையில் ரொட்டி, செய்தித்தாளில் சுற்றி.
எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து, தரையைப் பார்த்து,
"அந்த வாய்ஸ்... இருக்கா?"

டெலீட் ஆயிடுச்சு, என்றேன்.

"கசம்?"

கசம்.
பாதி விரல்களை என் தலையில் வைத்தேன்.

ஸ்கிரீனைக் காட்டு என்று கேட்கவில்லை.
தலையை ஆட்டினான், எழுந்தான்,
ரொட்டி ஆறிடும் என்றான்.
இந்த ஊரில் என் வார்த்தையை
வார்த்தையாகவே எடுத்துக்கொண்டுபோன ஒரே ஆள்.

தலையணைக்கு அடியில் போன்.
நாளை காலை பத்துக்கு மேடம்.
ஜன்னலுக்கு வெளியே ராத்திரி ஷிஃப்ட்,
எவனோ புதுப் பையன், குரல் இன்னும் உடையாதவன்,
பேக்கப், பேக்கப் என்கிறான்.
ஸ்டாப் சொல்கிறானா என்று
கேட்டுக்கொண்டே படுத்திருக்கிறேன்.