கடைசி மெய்

தாம்வேயில், லாரி பேட்டரி விற்கும் கடைக்கு மேல்மாடி.
புதன்தோறும் ஐந்து மணிக்குப் பதினோரு பேர்
செருப்பைப் படியில் விட்டு ஏறி வருவார்கள்.
கீழே அத்தனை பேட்டரி இருந்தும்
என் டேப் ரிக்கார்டர் சுவர் மின்சாரத்தைத்தான் குடிக்கும்.
அது ஐந்தே முக்காலுக்குப் போய்விடும்.

நான் பிறக்குமுன்பே பழசாகிவிட்ட பாட்டு.
பெட்டியோடு ஒருத்தி ரயிலேறிவிட்டாள்,
ஒருவன் அழுகிறான், நடுவே கிட்டார்.
இலக்கணப் புத்தகம் முப்பது பக்கத்தில் சொல்லாத இறந்தகாலத்தை
அவன் மூக்கால் மூன்று நிமிடத்தில் சொல்கிறான்.

முதல் நாளே தையல்காரி டோ டின் மியா கையைத் தூக்கினார்,
என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தவர்:
"சயாமா, இது எங்கள் பாட்டு.
என் கல்யாணத்தில் பர்மியச் சொல்லில் பாடினார்கள்.
வெள்ளைக்காரன் எப்போது திருடினான்?"
வகுப்பே தலையாட்டியது.
மெட்டு அவர்களுக்கு மனப்பாடம்.
அதற்கு நான் வேறு சட்டை மாட்டுகிறேன்,
பித்தான்தான் சேரவில்லை.

இந்த ஊர் நாக்கு சொல்லின் கடைசி மெய்யை விழுங்கிவிடும்.
ரைஸ், ரைட், ரைப் எல்லாமே ரை.
என் வாய் மட்டும் என்ன வாழ்கிறது?
வீட்டில் தமிழ் பேசி வளர்ந்த வாய்,
எந்த மெய்யையும் தனியே வெளியில் விடாது,
குடை பிடிக்க ஓர் உகரத்தைப் பின்னாலேயே அனுப்பும்.
அவன் லவ்ட் என்று பாட
அவர்கள் லவ் என்றார்கள்.
நான் லவ்டு என்று திருத்தினேன்.
பதினோரு பேரும் பயபக்தியோடு எழுதிக்கொண்டார்கள்.

கரும்பலகையில் விளக்கினேன்.
தமிழில் காலம் வினையின் நடுவீட்டில் உட்கார்ந்திருக்கும்,
இங்கே வாசற்படியில், யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம்.
இந்த ஓர் எழுத்து நின்றால் முடிந்த காதல்.
விழுங்கினால், இன்னும் முடியவில்லை.

நோ எ மூ பேனாவை மூடினாள்.
'நோ' அவள் மொழியில் பெண்பெயருக்கு முன்வரும் மரியாதை.
ஆங்கிலத்தில் மறுப்பு.
பழந்தமிழில் வலி.
மியாவடிப் பக்கம் போனவனின் எண்
இன்னும் மணியடிக்கிறது, எடுப்பாரில்லை.
அவள் முறை வந்தபோது அந்த வரியைத்
தெளிவாக, தவறாகப் பாடினாள்.
மறுபடி என்றேன். மறுபடியும் தவறு.
மூன்றாம் முறை கேட்க வாயெடுத்தேன்,
மின்விசிறி நின்றது.

எல்லாப் புதனும் இதே இடம், இரண்டாம் சரணத்துக்குச் சற்று முன்.
கீழே ஜெனரேட்டர் உறுமும்,
கைப்பேசி வெளிச்சத்தில் செருப்புத் தேடுவார்கள்.
அடுத்த வாரம் புதிதாக இரண்டு பேர், மீண்டும் முதலிலிருந்து.
ஆகவே தாம்வேயில் என்னிடம் படித்த யாருக்கும்
பாட்டின் பின்பாதி தெரியாது.
ஊகித்து எழுதச் சொன்னேன்.
டாக்சி ஓட்டும் கோ ஸோ லின்: அவன் வேறொருத்தியைக் கட்டுகிறான்.
டோ டின் மியா: மாற்றுத்துணி போதாமல் அவள் திரும்பி வருகிறாள்.
நோ எ மூ வெறும் தாளைத் தந்தாள்,
மேல்மூலையில் பெயரும் தேதியும்.

மழை ஓய்ந்ததும் ஜொகூர் போனாள், கையுறைத் தொழிற்சாலைக்கு.

நேற்றிரவு ஒரு குரல் செய்தி, ஆங்கிலத்தில்,
எல்லாமே நிகழ்காலத்தில்.
சூப்பர் மார்க்கெட்டில் உறைந்த மீனோடு வரிசையில் நிற்கிறாளாம்,
அந்தப் பாட்டைப் போடுகிறார்களாம்,
பின்னால் நிற்பவர்களை முன்னே விட்டுவிட்டுக் கேட்கிறாளாம்.
"பின்பாதியில் ஒன்றுமே இல்லை, சயாமா.
அதே வரிகள்தான், கொஞ்சம் உயரத்தில் கத்துகிறான்.
உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும்.

பிறகு அந்த வரியைப் பாடிக் காட்டுகிறாள்.
மெய் வரவேண்டிய இடத்தில்
கல்லாவில் யாருடைய பொருளோ 'டிட்' என்கிறது.
பத்து முறையாவது கேட்டிருப்பேன்.
சத்தம் அவளுடையதா, இயந்திரத்தினுடையதா,
மதிப்பெண் போட வரவில்லை.