ஐம்பது லக்ஸ்

நாலு ஹாலஜன். ஒவ்வொன்றும் ஐந்நூறு வாட்.
அணைத்துப் பத்து நிமிஷமாகியும்
கையுறையைத் தாண்டிச் சுட்டது.
உள்ளே வறுபட்ட புகையான் பூச்சி ஒரு பிடி,
எத்தனை சம்பாவோ.
பூச்சிக்குப் பல்லி வரும், பல்லிக்கு விதானம் வேண்டும்.
ஓவியத்து யானையின் நெற்றியில்
வெள்ளை வெள்ளையாய் அதன் எச்சம்.

திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே,
ஆறு களைத்துப்போகிற இடத்துக் கோயில்.
ரைஸ்மில்காரர் வந்துவிட்டார்.
“அப்பா போட்ட லைட் எங்கேம்மா?”
அட்டைப் பெட்டியைக் காட்டினேன்.
“எழவு வீடு மாதிரி இருக்கே.”

மீட்டரை நீட்டினேன். நாற்பத்தெட்டு.
ஐம்பதைத் தாண்டக் கூடாது சார்.
கடைமடைக்கு முறை வைத்துத் திறக்கிற மாதிரிதான்:
ஆள் வந்தால் திறக்கும், போனால் அடைக்கும்.
மொத்தமே முப்பத்தாறு வாட்.
ஆபீஸ் கூரையில் ஒரே ஒரு சோலார் பலகை,
கரண்ட் போனாலும் கவலையில்லை.
சாயத்துக்குக் கூட்டல் மட்டும்தான் தெரியும்,
முப்பது வருஷ வெளிச்சத்தில்
ஒரு நாளைக்கூட அது கழிக்கவில்லை.
பல்லக்குக்குப் பின்னால் போகிறவர்களைப் பாருங்கள்,
எல்லோரும் வைக்கோல் நிறம்.

அவருக்குத் தெரியவில்லை.
சித்திரை வெயில் இன்னும் கண்ணுக்குள் இருந்தது.
அஞ்சு நிமிஷம் நில்லுங்கள் என்றேன்.
நெல்லைக் கடித்தே ஈரம் சொல்கிறவர்,
நின்றார்.

முதலில் யானை வந்தது.
பிறகு அதன் மணி.
பிறகு, வெகு நேரம் கழித்து,
குடை பிடித்தவனின் சுண்டு விரல் மோதிரம்.

“அந்தப் பொண்ணு சேலை மட்டும்
ஏன் இவ்வளவு பச்சை?”

சொல்லலாமா என்று யோசித்தேன்.
மூன்றாவது விளக்குக்கு முன்னால்
கம்பியில் ஒரு முழத் தகரம் தொங்கியது:
உபயம், மாடர்ன் ரைஸ்மில் வைரப்பெருமாள் குடும்பத்தார்.
அவுரி கலந்த பச்சை, வெளிச்சத்தில் நிற்காது.
தகரத்தின் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் நின்றிருக்கிறது.

சிரிப்பாரா, சண்டைக்கு வருவாரா?
அண்ணாந்தபடியே இருந்தார். நானும்.
ரொம்ப நேரம் அசையவில்லை போலிருக்கிறது,
ஆளில்லை என்று நினைத்து
சென்சார் அணைத்துவிட்டது.

கையை ஆட்டினால் எரியும், சார்.

முத்துப்பேட்டை பஸ் ஒன்று ஹாரன் அடித்துப் போனது.
“இருக்கட்டும்” என்றார் இருட்டிலிருந்து,
“இன்னிக்கு முறை முடிஞ்சுது.”

வெளியே வந்து, பெட்டியைக் கிளறி,
தகரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்.
ஒட்டியிருந்த பூச்சிகளை
வேட்டி முனையால் துடைத்தார்,
எழுத்துப் பக்கத்தை அல்ல,
பின்பக்கத்தை.