தெரியல

தஞ்சாவூரில் ஒரு கண்ணுக்கு இருபது நொடிதான்.
சிவப்புப் புள்ளியையே பாருங்க, அசையாதீங்க என்றார்கள்.
பார்த்தேன். புள்ளி கலங்கி, அவிந்து, மறுபடி வந்தது.
முடி கருகுகிற வாசனை.
அது என்னுடையதா என்று கேட்க நாக்கு எழவில்லை.

டாக்டர் பெனாசிர் தாளில் எழுதித் தந்தார்:
மணல் விழுந்ததுபோல் உறுத்தும், கசக்கக் கூடாது.
தூங்கும்போது இந்த மூடி.
நாலு வேளை சொட்டு மருந்து, இடையிடையே
கடையில் விற்கிற கண்ணீர்.
காலையில் ஒரு பார்வை இருக்கும், சாயங்காலம் வேறொன்று.
விளக்கைச் சுற்றி வட்டம் வரும். போய்விடும்.
எப்போ போகும்?
போயிடும் என்றார், அடுத்த பேரைக் கூப்பிட்டபடி.

அப்புறம், ஒரு வாரத்துக்குத் தண்ணீர் படக் கூடாதாம்.
எனக்கு வேலை ஆற்று மதகில்.

நீடாமங்கலம் தாண்டி, கோரையாற்றில்,
ஒன்பது ஷட்டர், துருப்பிடித்த பல்சக்கரம்,
தூணில் வெள்ளையடித்து எழுதிய கறுப்பு எண்கள்.
ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை
தண்ணீர் எத்தனை அடி என்று வாசித்துப் போனில் சொல்ல வேண்டும்.
மழை நாளில் கண்ணாடி முழுக்க முத்து முத்தாய் நிற்கும்.
முந்தானையால் துடைத்தால் சேறு இழுவும்.
மைனஸ் ஏழரை. கழற்றினால்
மூங்கில் தோப்பும் நிற்கிற லாரியும் ஒன்றுதான்.
அதற்குத்தான் சீட்டுப் பணத்தைத் தள்ளி எடுத்தேன்.

முதல் நாள்
மோர் குடித்த டம்ளர் வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.
இரண்டாம் நாள் விடியலில்
கடிகாரத்தின் நொடிமுள் படுக்கையிலிருந்தே தெரிந்தது.
யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் நின்றுவிடும் என்று.
ஒட்டடை. பல்லியின் விரல்கள்.
முகம் பார்த்தால் மூக்கின் இருபுறமும் இரண்டு பள்ளம்,
இருபது வருஷம் உட்கார்ந்திருந்து
எழுந்து போயிருக்கிறார் யாரோ.
விரல் பழக்கத்தில் மூக்குக்குப் போய்
காற்றை ஏற்றி வைத்துவிட்டுத் திரும்புகிறது.

ஆறாம் நாள் மேட்டூர்த் தண்ணீர் வந்தது.
நுரை, சருகு, ஒற்றைப் பிளாஸ்டிக் செருப்பு,
மணலை மோந்து மோந்து, அவசரமில்லாமல்.
லீவு இன்னும் இரண்டு நாள் இருந்தது. போனேன்.

நடுச்சாமம். பாலத்து விளக்கைச் சுற்றி யாரோ கோலம் போட்டிருந்தார்கள்.
கடைசி மன்னார்குடி பஸ்
இரண்டு எருக்கம்பூவை முன்னால் பிடித்துக்கொண்டு வந்தது.
டார்ச் அடித்தேன். எண்ணை ஒட்டி இன்னொரு எண்.
ஒன்றுக்கு மேலே எத்தனை?
வலது கண்ணைப் பொத்தினால் எட்டு.
இடது கண்ணைப் பொத்தினால் மூன்று.

நாலாம் வகுப்பில் முதல் பெஞ்சு கேட்கத் துணியாமல்
அமுதவள்ளி நோட்டைப் பார்த்தே ஒரு வருஷம் எழுதினேன்.
அவள் போட்ட தப்புகளும் எனக்கு அப்படியே வந்தன.
தெரியல என்று சொன்னால்
படிப்பு ஏறலை என்றுதான் சாருக்குக் கேட்கும்.
கண்ணுக்கும் புத்திக்கும் நம்மிடம் ஒரே சொல்.

இருதயராஜ் கரையில் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.
அந்த நெருப்புக்கும் ஒரு சின்ன வட்டம்.

அண்ணே, எனக்குத் தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க.

என்ன தாயி, லட்ச ரூபாக் கண்ணு?
சிரித்துக்கொண்டே படியிறங்கினார், குனிந்தார்,
நகத்தால் தூணைச் சுரண்டினார்.
மூணுமில்ல எட்டுமில்ல. அஞ்சு.
பெயிண்ட் உரிஞ்சு கெடக்கு, யாருக்குத்தான் தெரியும்.

ஒண்ணு புள்ளி அஞ்சு என்று போனில் சொன்னேன்.
சொட்டு மருந்துக்காக அண்ணாந்தேன்.
எப்போதும் மாவு சிந்தினாற்போல் இருக்கிற வானம்
பொடிப் பொடியாய்ப் பிரிந்து நின்றது,
ஒவ்வொன்றுக்கும் மயிர் முளைத்து.
மருந்து விழுந்தது. எல்லாம் ஆறாகிவிட்டது.

மறுநாள் கறுப்புப் பெயிண்ட் கால் லிட்டர், பிரஷ் ஒன்று
கேட்டு எழுதிப் போட்டேன்.
மூன்று மாதமாகிறது. வரவில்லை.
வட்டங்கள் சுருங்கிவிட்டன,
மன்னார்குடி பஸ்ஸுக்கு மட்டும் இன்னும் இருக்கிறது.