ஆயிரத்து அறுநூற்று நான்கு

லியேஜ் நகரத்துப் பழைய டிராம் கொட்டகையில்
ஒரே எண்ணோடு இரண்டு கார்கள் நிற்கின்றன.
நடுவே நான்கு வழக்கறிஞர்கள்,
ஆறிப்போன காப்பி,
சட்டைப்பையில் பூதக்கண்ணாடியோடு நான்.

பதினாறாம் மாடல், நான்காவது வண்டி.
1938இல் ஃப்ளெமால் கம்பெனி ஏழுதான் செய்தது.
பின்னாலிருந்து பார்த்தால்
விழப்போய் விழாமல் நின்ற நீர்த்துளி.
முகப்பு விளக்குகளை ரேடியேட்டர் கம்பிகளுக்குப் பின்னே
ஒளித்து வைத்தார்கள், காற்றின் கண்ணில் படாமல்.
மட்கார்டில் கிளம்பும் கோடு
கதவைக் கடந்து, பின்சக்கரத்தை மூடி
எங்கே முடிகிறது என்பது
உள்ளங்கைக்கு மட்டும் தெரியும்.

வாங்கியவர் டாக்டர் ஒடில் ரெங்கின்.
போர் வந்ததும் ஒரே இரவில்
தானே ஸ்பானர் எடுத்து அதை இரண்டாகக் கழற்றினார்.
அலுமினிய உடல் ஒரு பண்ணைக் கொட்டிலில் கவிழ்ந்து கிடந்தது;
முயல்கள் குடியேறின.
சேசிஸும் எஞ்சினும் ஆர்டென் காட்டுக்குப் போய்ப்
பதினோரு வருடம் மரம் அறுத்தன.

பிறகு
மரம் அறுத்த பாதியை வான் ஹூலே வாங்கினார்,
அதற்கொரு புது உடல் செய்தார்.
முயல் பாதியை ஜெனீவாவின் பிட்டெலூ அம்மையார் வாங்கினார்,
அதற்கொரு புது சேசிஸ் செய்தார்.
இருவரிடமும் ரசீது உண்டு.
இருவருமே பொய் சொல்லவில்லை, அதுதான் தொல்லை.

மூன்று நாள் சுரண்டினேன்.
நீலத்துக்குக் கீழே சாம்பல், அதற்கும் கீழே
செர்ரிப் பழக் கறையின் நிறம்.
கதவின் மரச்சட்டத்தில் முயல் பற்கள்.
சேசிஸ் குழலுக்குள் ஒரு கைப்பிடி மரத்தூள்,
இன்னும் பைன் வாசனை.
பழைய உடலில் இடது மட்கார்டு
வலதைவிட நாலு மில்லிமீட்டர் நீளம்:
இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் தட்டியிருக்கிறார்கள்,
அன்றைக்கு அவர்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லைபோல.
வான் ஹூலேயின் புது உடலில்
இரு பக்கமும் மயிரிழை பிசகாமல் ஒன்று.
அழகுதான். யாரும் யாரோடும் சண்டை போடாத அழகு.

நீதிமன்ற உத்தரவுப்படி
பழையதைப் பழையதன்மேல் இறக்கினோம்.
பதினெட்டு போல்ட் துளைகள்.
பதினேழு உட்கார்ந்தன.
பதினெட்டாவது ஆணிக்கனம் விலகி நின்றது;
ஓரத்தில் பழைய அரத்தின் தேய்ப்பு.
1938லும் இந்த இடத்தில் ஒருவர்
கெட்ட வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

வழக்கறிஞர்கள் அதைச் சூழ்ந்துகொண்டார்கள்.
கிரேன்காரர் ஜோஸ்கின் என்னைக் கூப்பிட்டார்:
"மிச்சத்தை எங்கே வைக்க?"
மிச்சம்: ஒரு புது உடல், ஒரு புது சேசிஸ்.
வேறு இடமில்லை என்று
ஒன்றின்மேல் ஒன்றை இறக்கச் சொன்னேன்.
பதினெட்டும் பொருந்தின.

படிவத்தில் எண் கேட்கும் கட்டம் இருந்தது.
பேனாவைத் திறந்தேன், மூடினேன்.

வழியை மறிக்கிறதென்று
ஜோஸ்கினும் நானும் அதை வெளியே தள்ளினோம்.
நல்ல மழை.
மட்கார்டின் நெற்றியில் விழுந்த தண்ணீர்
ஒரு கணம் தயங்கிக்
கோட்டைக் கண்டுபிடித்து
கதவைக் கடந்து, பின்சக்கரத்தைக் கடந்து போயிற்று.
எங்கே சொட்டியது என்று
நான் பார்க்கவில்லை.
உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.