அழைப்பிதழின் பின்பக்கம்

முன்பக்கத்தை அச்சகத்தார் பார்த்துக்கொண்டார்கள்.
மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை,
ஆய்வுரை இரண்டு, ஏற்புரை.
தர்மாவதியில் ஒரு கால் ஒடிந்து
தர்மவதி ஆகியிருக்கிறேன். பரவாயில்லை.
பின்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.
இது என் கையெழுத்து.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணி.
ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
இல்யாஸ் நானாவின் புத்தகக் கடை, மேல்மாடி.
பதினேழு படி. பதினோராவது ஆடும்,
சுவர்ப்பக்கமாக மிதியுங்கள்.
கீழே கொப்பியும் கொம்பாஸ் பெட்டியும் விற்ற காசில்தான்
மேலே கதைப் புத்தகங்களுக்கு லைட் எரிகிறது.
"இருவது பேர் வந்தா போதும் தங்கச்சி" என்கிறார்.
நான் நாற்பது கதிரை சொல்லிவிட்டேன்.
மரண உதவிச் சங்கத்துக் கதிரைகள்,
முதுகில் சிவப்பில் அப்படித்தான் எழுதியிருக்கும்.
சாய்ந்து உட்காருங்கள், தெரியாது.

நேற்று மேல்பிரிவில் நோட்டீஸ் கொடுக்கப் போனேன்.
கொழுந்து நிறுக்கிற நேரம், வரிசை நீண்டிருந்தது.
அருள்மேரி கூடையை இறக்காமலே கேட்டாள்:
"ஞாயித்துக்கெழம கைக்காசு வேல இருக்கு.
அத விட்டுட்டு வந்தா
பேர் போடுவியா?"
எல்லாரும் சிரித்தார்கள். நானும்.
ராத்திரி படுத்தபிறகு சிரிப்பு வரவில்லை.

கிலோ குறைந்தால் அரைப்பேர்.
தண்ணிக்கென்று இரண்டு, சாக்குக்கென்று ஒன்று,
கழித்துக் கழித்து மிஞ்சியதில் சோறு தின்றவள் நான்.
ஆகவே அருள்மேரி,
போடுவேன்.
புத்தகத்தின் முதல் தாளில், நீல மையில்,
தகப்பன் பேரோடு, கேட்டால் தாய் பேரோடும்.
மூன்று மணிக்கு வந்தாலும் முழுப்பேர்,
வேலை முடித்து ஐந்தரைக்கு
காலில் அட்டையோடு ஏறி வந்தாலும் முழுப்பேர்.
வாங்காதவர்களுக்கு வெறுந்தாளில் போட்டுத் தருகிறேன்.
அன்றைய கைக்காசை என்னால் தர முடியாது.
அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதற்பிரதிக்கு ஒரு முதலாளியைப் பிடி,
உறையில் ஐயாயிரமாவது வைப்பார் என்றார்கள்.
பிடிக்கப் போனேன்.
"முதலாளி இல்லை" என்று உள்ளேயிருந்து
முதலாளியின் குரலே சொன்னது.
அதனால் முதற்பிரதி கண்டக்டர் லோகிதனுக்கு.
கண்டியிலிருந்து முந்நூறு புத்தகத்தை
ஏழு நடையில், சீட்டுக்கு அடியில் கொண்டுவந்தவர்.
அதில் ஒரு வரியும் வாசித்ததில்லை.
மொத்தம் எத்தனை கிலோ என்று அவருக்குத்தான் தெரியும்,
தண்ணிக்கென்று எதையும் கழிக்கவில்லை.

ஆய்வுரையாளர்களுக்குத் தலா பதினைந்து நிமிடம்.
மீறினால் நானா கீழே ஷட்டரை இழுப்பார்,
அந்தச் சத்தத்துக்குப் பேராசிரியர்களும் அடங்குவார்கள்.
வடை உண்டு. பிளேன்டீ உண்டு,
நமக்கு வழக்கமாகத் தருகிற கடைசித் தூளில் அல்ல,
கப்பலுக்குப் போகிற தூளில்.
எப்படிக் கிடைத்ததென்று கேட்காதீர்கள்.
மழையா? பெய்யும். இது ஹட்டன்.
மஸ்கெலியாக் கடைசி பஸ்ஸைப் பத்து நிமிடம்
நிறுத்திவைப்பதாக லோகிதன் வாக்குத் தந்திருக்கிறார்.
டிரைவரிடம் இன்னும் கேட்கவில்லையாம்.

புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே.
பிள்ளைக்காம்பராவில் என் வேலை.
பகல் ஒன்றிலிருந்து இரண்டரை வரை
இருபத்துமூன்று பிள்ளைகள் தூங்குவார்கள்,
அந்த நேரத்தில் எழுதிய பன்னிரண்டு கதை.
சில கதைகள் பாதி வாக்கியத்தில் நின்றுபோகும்.
உத்தி என்று ஆய்வுரையில் சொல்வார்கள், நம்பாதீர்கள்.
அந்த இடத்தில் ஒரு பிள்ளை எழும்பியிருக்கிறது.

விலை அறுநூறு.
வாசித்துவிட்டுத் திருப்பித் தருகிறேன் என்றால்
நானா ஏசுவார்.
என்னிடம் மெதுவாகக் கேளுங்கள்.