கருங்கல் கூட்டக் குறிப்பு

‘ஆரம்ப ஜெபம்’ என்று எழுதினேன்.
எதிரே கடப்புறத்து ஃபாதர்.
‘ஜெ’யை அடித்து ‘செ’ போட்டேன்.
பக்கத்திலிருந்து சேகர ஆயர் எட்டிப் பார்த்தார்.
இரண்டையும் அடித்து
‘துவக்கம்’ என்று விட்டுவிட்டேன்.

சண்டையில் பங்கில்லாதவள் என்று
மினிட்ஸ் நோட்டு என்னிடம் வந்தது.
எங்கள் இரட்சணிய சேனைக்கு இங்கே
கடலும் இல்லை, மலையும் இல்லை.
சந்தைக்குப் பின்னால்
ஓடு போட்ட ஒரு கூடம், ஒரு டிரம்.

முதல் பொருள்: கடலரிப்பு.
சின்னவிளைத்துறை பெர்னதீத் எழுந்தாள்.
“எங்களுக்க கல்லறைத் தோட்டத்துல
மூணு வரிசை போச்சு.
எனக்க மாப்பிள்ள நாலாவது வரிசை.
தூண்டில் வளைவு வேணும். கல்லு வேணும்.
ஆடிக்கு முன்ன வேணும்.”

இரண்டாம் பொருள்: மலையுடைப்பு.
இரட்டைப்பொற்றை சபையின் ஞானசிகாமணி
சட்டைப்பையிலிருந்து காரைத் துண்டொன்றை எடுத்து
மேசைமேல் வைத்தார்.
வெடி வைத்த ஞாயிற்றுக்கிழமை
திருவிருந்துத் தட்டில் விழுந்தது.
“இனி ஒரு கல்லும் இறங்கப்படாது.”

எழுத எனக்கு ஒன்றுமில்லை.
பெந்தெகொஸ்தே பாஸ்டர்
கடைசிக் காலத்தைப் பற்றித் தொடங்கினார்.
சாயா வந்தது, நிறுத்தினார்.

வள்ளத்திலிருந்து நேரே வந்திருந்த ததேயுஸ்
கால்மணல் உதிரப் பின்வரிசையிலிருந்து கேட்டார்:
“பொற்றைக்க வடக்குத் தல எங்க?”

யாருக்கும் விளங்கவில்லை.

“எங்க கோயில் கோபுரமும் ஒங்க வடக்குத் தலையும்
ஒரே நேர்ல வந்தா, அடியில பாரு.
அதாக்கும் கணியம்.
போன மாசம் தேடுனேன்.
கோபுரம் நிக்குது.
பொறத்தால நேர் பாக்க ஒண்ணும் இல்ல.
வலைய வெறுதே நனைச்சிட்டு வந்தேன்.”

ஞானசிகாமணிக்கு அது புதுச் செய்தி.
இத்தனை காலம்
கரை மறைந்த தூரத்தில் இருந்து
அவருடைய மலையை யாரோ
அவரைவிடக் கவனமாகப் பார்த்திருக்கிறார்கள்.
காரைத் துண்டை எடுத்து
மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.
பெர்னதீத் உட்கார்ந்தாள்.
அவளும் ததேயுஸும் ஒரே பங்கு.
அவரைப் பார்த்த பார்வையை
எந்தப் பொருளின் கீழ் எழுதுவது?

தீர்மானம் என்ற இடம் வெற்றாகக் கிடக்கிறது.
முறைப்பட்டியல் ஒன்று மட்டும் போட்டோம்:
இரவில் லாரி எண்ணுவது,
சபைக்கொருவர், கலந்து இருவர்.

வியாழன் எனக்கும் பெர்னதீத்துக்கும் விழுந்தது.
பூட்டிய பேக்கரி வாசல், ஒரு பிளாஸ்க், ஒரு டார்ச்.
பன்னிரண்டிலிருந்து நாலு வரை
நாற்பத்தொரு டாரஸ்.
தார்ப்பாய் விலகிய ஒன்றில்
துளைபோட்ட வரிகளோடு பெருங்கல்.
ஒவ்வொன்றுக்கும் அவள் எழுந்து
முக்கு வரை கண்ணை அனுப்பினாள்.
ஒன்றுகூடத் துறைப்பக்கம் திரும்பவில்லை.
எல்லாம் எல்லை தாண்டிப் போகிற சாலையில்.

“நாம சண்ட போட்ட கல்லு” என்றாள்,
“நமக்கு ஆருக்கும் இல்ல, கேட்டியளா.”

விடியுமுன் அவள் தந்தையை அழைத்தாள்.
நான் பிதாவை.
மன்னிப்புக் கேட்கும் இடத்தில்
அவள் குற்றம் என்றாள், நான் கடன் என்றேன்.
டார்ச் வெளிச்சத்தில் இரண்டையும்
நோட்டில் எழுதினேன்.
எதையும் அடிக்கவில்லை.

அதற்குள் நாற்பத்திரண்டாவது.
எண் பலகையில் சேறு.